மணியாச்சியில் வெடித்தது ரிவால்வர் அல்ல

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் ரிவால்வரால் சுட்டதாக இன்றும் எழுதுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். ரிவால்வரில் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே வாயு சீறும். பிஸ்டலில் தோட்டா குழலின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும்; அந்த இடைவெளி இல்லை.

பெயர் மாறினால் என்ன, உயிர் போனது போனதுதானே என்பார்கள். ஆயுதத்தைச் சரியாக அறியாததால்தான் அந்தச் சம்பவம் குறிதவறாத கையின் கதையாகிவிட்டது. கையை விட்டு ஆயுதத்தைப் பார்த்தால், குழல் நீண்டால் குறி தப்பாது என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். தோட்டாவைச் சுழற்றி நேராகச் செலுத்துவது குழலின் உட்சுவரில் வெட்டிய திருகுப் பள்ளங்கள். அவை குட்டைக் குழலிலும் உண்டு. நீளம் பெரிதும் உதவுவது சுடுபவருக்கு. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடினால் சிறு பிசகும் கண்ணில் படும். முனையில் கனம் ஏறினால் குழல் மேலே துள்ளுவது குறையும். அதே கனம் கையைத் தாமதப்படுத்தும், மறைக்கவும் விடாது. நின்றிருந்த ரயில் பெட்டிக்குள், அத்தனை நெருக்கத்தில், குழலின் நீளத்துக்கு என்ன வேலை?