பத்து சதவீதம் யாருடையது?

மரச்சாமான் செய்து விற்கிற எவரும் வாரம் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க." கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காய்கறிக் கடை தொடங்கிக் கல்யாண மண்டபம் வரை பேசிக் குறைத்து வாங்கிப் பழகியவர்கள் நாம். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் ஏமாளிப் பட்டம் கிடைக்கும். ஆனால் தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், அந்தக் 'கொஞ்சம்' யாருடைய பையிலிருந்து போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களைப் போடுகிறேன். மரத்தின் தரத்துக்கும் ஊருக்கும் தக்கபடி இவை ஏறும், இறங்கும். செய்து முடித்த நாற்காலியில் முக்கால் கன அடி மரம் இருக்கிறது என்றால், அதற்கு வாங்க வேண்டியது ஒன்றேகால் கன அடி. கன அடி 3,500 ரூபாய் வீதம் மரம் 4,375. ஆசாரிக்கு மூன்று நாள் வேலை, நாளுக்கு 1,200 வீதம் 3,600. பிரம்பு, பாலிஷ், உப்புத்தாள், பசை எல்லாம் சேர்த்து 1,500. வாடகை, மின்சாரம், அறுப்புக் கூலி, வண்டிச் சத்தம் 1,000. கூட்டினால் 10,475. பட்டறைக்கு 1,525 வைத்தால் விலை 12,000. இதில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். 1,200 ரூபாய். ஆசாரியின் ஒரு நாள் கூலி எவ்வளவோ, அவ்வளவு.

எதில் குறைக்க முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மரத்தில் குறைக்க முடியாது. "பர்மா தேக்குதானே?" என்று இன்றும் கேட்கிறார்கள். 2014 ஏப்ரலிலேயே மியான்மர் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் தேக்கு கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டங்களில் வளர்ந்து வருகிறது. நிலம்பூரில் 1840களில் கனோலி தொடங்கிய தோட்டம் போல நிதானமாக வளர்த்து, ஐம்பது அறுபது ஆண்டு கழித்து வெட்டினால் நடுவில் வைரம் நன்றாகப் பாய்ந்திருக்கும். இருபது ஆண்டில் வெட்டிய மரத்தில் வெள்ளை கூடுதலாக இருக்கும். வெள்ளையை விட்டுவைத்தால் வண்டு துளைக்கும், உளுத்துப் போகும். அதனால் வெள்ளையைக் கழிக்கிறோம், முடிச்சைக் கழிக்கிறோம், முனையில் வெடித்த பகுதியைக் கழிக்கிறோம், ரம்பம் தின்ற தூளையும் கழிக்கிறோம். ஒன்றேகால் முக்காலாவது இப்படித்தான்.

அதற்குப் பிறகு காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி கொடுத்து, காற்று ஊடுருவ அடுக்கி, முனைகளில் பெயின்ட் பூசி நிழலில் வைக்கிறோம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் வீசும்போது காய்ந்த பலகையும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன மாதம் சரசரவென்று ஓடிய மேசை டிராயர் இந்த மாதம் பிடித்துக்கொள்ளும். அதே மேசை சென்னையில் ஏசி அறைக்குப் போனால் எதிர்மாறாகச் சுருங்கும். திறந்த கொட்டகையில் காயும் மரம் பன்னிரண்டு சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்குவது அரிது. ஏசி அறை அதை ஒன்பதுக்கு இழுத்துவிடும். பலகை நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஆணி அடித்துவிட்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். அதனால்தான் சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் சின்ன மரக்கட்டைகளை நுழைத்து, பலகை நகர்ந்துகொள்ளும்படி பிடித்து வைக்கிறோம். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒழிய இது யார் கண்ணிலும் படாது. இந்த அறிவெல்லாம் விலையில் இருக்கிறது. ஒரு வருடம் மரத்தில் முடங்கிய பணத்தின் வட்டியும் இருக்கிறது.

வரியில் குறைக்க முடியாது. மர நாற்காலிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2017 ஜூலையில் வரி வந்தபோது 28 ஆக இருந்து, அந்த நவம்பரில் 18 ஆனது. ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ள பட்டறை காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து ஒரு சதவீதம் கட்டலாம். அதை வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது. வெளி மாநிலத்துக்கு விற்கவும் கூடாது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவின் ஆரியங்காவு. மலைக்கு அந்தப் பக்கம் எங்கள் கட்டிலை விரும்புகிற குடும்பம் இருந்தாலும் அந்தத் திட்டத்தில் இருக்கிற பட்டறை பில் போட்டு அனுப்ப வழியில்லை.

அப்படியானால் பட்டறையின் 1,525-ல் குறைக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,200 போனால் மிச்சம் 325. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் கட்டில், பீரோ வாங்குவதில்லை. அந்த மாதங்களிலும் வாடகை உண்டு, ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. கால் ஆடுகிறதென்று வந்த நாற்காலியைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து தர வேண்டும். அடுத்த வருடத்துக்கான மரத்தை இந்த வருடமே வாங்கி அடுக்க வேண்டும். 325 ரூபாயில் இதெல்லாம் நடக்காது என்பது எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அவர்கள் கடைசியாக மிஞ்சியிருக்கிற இடத்தில் கை வைக்கிறார்கள். ஆசாரியின் கூலி.

அது வெளிப்படையாக நடப்பதில்லை. "இந்த முறை இரண்டே நாள்ல முடிச்சுக் குடுங்க" என்பார்கள். சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குப் போகும். தீபாவளிக்கு ஏற்றித் தருவதாகச் சொன்ன கூலி பொங்கலுக்குத் தள்ளிப்போகும். இப்படி ஒவ்வொரு தள்ளுபடியும் தச்சு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. வாங்குபவருக்கு இது தெரியாது. தெரிந்தால் பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அந்த ஒரு நாளில் ஆசாரி என்ன செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அறுப்பதற்கும் முதல் இழைப்புக்கும் எங்களிடம் மெஷின் உண்டு. அதன் பிறகு எல்லாம் கைதான். நாற்காலியில் முதலில் ஆட்டம் காண்பது பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருகிறோமே, அந்தப் பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது. எங்கள் பெரிய ஆசாரி சட்டத்தின் முனையை, அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, நாக்குப் போல எடுப்பார். காலில் அதற்குச் சரியாகத் துளை தோண்டுவார். கொட்டாப்புளியால் தட்டினால்தான் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளிப் போனால் தளர்ச்சி, ஓங்கி அடித்துப் போனால் கால் பிளந்துவிடும். பொருந்தியதும் திரும்பக் கழற்றுவார். காலில் மூங்கில் ஆணிக்கு ஒரு ஓட்டை போட்டிருப்பார். நாக்கில் போடுகிற ஓட்டையை மட்டும், சட்டம் காலோடு மோதும் பக்கமாக அரை நூல் தள்ளிப் போடுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். அரை நூல் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மூங்கில் ஆணியை அடித்து இறக்கும்போது, நேராக இல்லாத இரண்டு ஓட்டைகளையும் அது நேராக்கப் பார்க்கும். அந்த இழுப்பில் சட்டம் போய்க் காலோடு இறுகி உட்காரும். பசை ஒரு காலத்தில் விட்டாலும் ஆணி விடாது.

"ஏன் அரை நூல், ஒரு நூல் தள்ளினா இன்னும் இறுகுமே?" என்று கையாள் பையன் கேட்டான். "ஒரு நூல் தள்ளுனா ஆணி முறியும்டா தம்பி. இல்லேன்னா நாக்கு பிஞ்சிரும். எந்த மரம் எவ்வளவு தாங்கும்னு கைக்குத் தெரியணும்" என்றார். தேக்குக்கு ஒரு அளவு, வாகைக்கு ஒரு அளவு, வேங்கைக்கு ஒரு அளவு. எந்த அட்டவணையிலும் இல்லாத இந்த அளவுகள் அவர் கையில் இருக்கின்றன. மூன்று நாள் வேலையை இரண்டு நாளாக்கச் சொன்னால் முதலில் விடுபடுவது இந்த அரை நூல்தான். பசை தடவி, ஒரு இரும்பு ஆணி அடித்து, மேலே பாலிஷ் போட்டுவிடலாம். கடையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிய சில வருடங்கள் ஆகும்.

இப்படிப்பட்ட கை அறிவைத் தந்த தச்சரின் பெயர் மறக்கப்படாத கதை ஒன்று உண்டு. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். அன்டோனின் ரேமண்ட் வரைந்த அந்தக் கட்டடத்தின் வேலையை மேற்பார்க்க 1930களின் பிற்பகுதியில் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், கட்டடக் கலை படித்தவர். அங்கே தங்கும் அறைகளுக்கான தேக்கு மரச்சாமான்களையும் அவர் வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பியபின் போர்க்காலத்தில், 1942-ல், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே அவர் குடும்பத்தை இடாஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் அவர் கைவேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். 1990-ல் அவர் மறைந்த பிறகும் மகள் மீரா அதை நடத்திவருகிறார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, முகாமில் கற்றுக்கொடுத்த தச்சரின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்து நிற்பது. சண்டிகர் நகரத்துக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாரிஸிலும் நியூயார்க்கிலும் அவை பெரும் விலைக்கு ஏலம் போகின்றன. ஏலப் பட்டியலில் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. உளி பிடித்த கைகளுக்குப் பெயரும் இல்லை, அந்த விலையில் பங்கும் இல்லை.

இதையெல்லாம் யோசித்துத்தான் எங்கள் பட்டறையில் விலைச் சீட்டை மாற்றி எழுதுகிறோம். மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல் பிரித்து எழுதுகிறோம். முதல் வரி ஆசாரியின் நாட்களும் கூலியும். அடுத்தது மரம், என்ன மரம், எப்போது அறுத்தது என்ற விவரத்தோடு. அதன் பிறகு மற்றவை. விலையில் தள்ளுபடி இல்லை. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு நல்ல பொருள் வேண்டும் என்பவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. குறைப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

மரத்தை மாற்றலாம். தேக்குக்குப் பதில் வாகை, வேம்பு, பலா எல்லாம் நம் மண்ணில் வளரும் நல்ல மரங்கள். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகப் பழுப்பேறி அழகாகும். வடிவத்தை எளிதாக்கலாம், கடைசல் கால் வேண்டாம், சதுரக் கால் போதும் என்றால் அரை நாள் மிச்சம். முக்கியமாக, காலத்தைக் கொடுக்கலாம். தை மாதக் கல்யாணத்துக்குக் கடைசி நேரத்தில் வந்து கட்டில் கேட்பதை விட, ஒரு வருடம் முன்பே முன்பணம் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தில் மரம் வாங்கிக் காய வைத்துவிடுவோம். எங்களுக்கு வட்டி மிச்சம், அதை வாங்குபவருக்கே கழித்துவிடலாம். இவற்றில் எதிலும் ஆசாரியின் நாள் குறைவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தப் பட்டறைக்குப் போனாலும் "எவ்வளவு குறைப்பீங்க" என்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன மரம், எத்தனை நாள் காய்ந்தது? காலும் சட்டமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? செய்கிறவர் யார், அவரைப் பார்க்கலாமா? ஒழுங்காகத் தொழில் செய்கிற பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்.

சக பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஆள் கிடைக்கவில்லை, ஆசாரி வீட்டுப் பிள்ளைகளே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று கூடும் இடத்திலெல்லாம் பேசுகிறோம். ஐ.டி.ஐ.யில் தச்சுப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதை முடித்துவிட்டு வருகிற பையன் பட்டறை வாசலில் நின்று முதலில் கேட்பது "நாளுக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றுதான். அப்பாவின் கூலி எப்படியெல்லாம் வெட்டுப்பட்டது என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவன் அவன். கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தயங்காமல், மரியாதையான ஒரு தொகையைச் சொல்ல முடிகிற பட்டறைகளில்தான் இன்னும் இருபது வருடம் கழித்தும் உளிச் சத்தம் கேட்கும்.