கன்னுக்குட்டி எங்கேப்பா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. மார்ச் முடியும்வரை ஆபீஸில் ஆணி அதிகம். இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன். போன வாரம் ஊரிலிருந்து வந்த மச்சான் (தங்கமணியின் அண்ணன்) வாயைக் கிளறிவிட்டுப் போய்விட்டார். அவர் ரயிலேறிய பிறகுதான் எனக்குப் பதிலெல்லாம் தோன்றுகிறது. நம்ம ராசி அப்படி.

நடந்தது இதுதான். மருமகளுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குஜராத் வரைக்கும் பால்கோவா சுமந்துகொண்டு வந்தார் மனிதர். ஆறு வயது மகள் டப்பாவைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் மாமா, அது கன்னுக்குட்டியோடது" என்றாள். மச்சான் முகம் விழுந்துவிட்டது. ராத்திரி குழந்தை தூங்கினதும் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பால் குடிங்க, குடிக்காம போங்க மாப்ள. பச்சப்புள்ள மனசுல ஏன் இதையெல்லாம் ஏத்துறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் எதையும் ஏற்றவில்லை. அவள் கேட்டாள், நான் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது ஆனந்த் பக்கத்தில். 1946-ல் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் பிறந்த மண். காலையும் மாலையும் ஊருக்கு ஊர் மண்டலி வாசலில் பெண்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். கொழுப்பு அளந்து, பணம் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கும், மாடு வாங்கின கடனும் எங்கள் கிளை மாதிரியான இடங்களில்தான் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், நான் மாட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். பால் விட்டு மூன்று வருடமாகிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

ஒரு சனிக்கிழமை கடன் ஆய்வுக்குப் போகும்போது மகளையும் கூட்டிப்போனேன். எருமைகளின் காதில் இன்சூரன்ஸ் வில்லை இருக்கிறதா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் கொட்டகை ஓரத்தில், தாயிடமிருந்து தள்ளிக் கட்டியிருந்த எலும்பும் தோலுமான கடாக்கன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்பா இது தனியா இருக்கு?"

"பால் குடிச்சிரும்னு கட்டியிருக்காங்கம்மா."

"அதோட அம்மா பால்தானே?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. காரணம் இருக்கிறது. என்னுடைய ஆறு வயதில், கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கறப்பார். கக்கத்தில் ஒரு கன்று இருக்கும். அதை முன்னால் நிறுத்தினால் மாடு நக்கும், பால் சுரக்கும். கன்று அசையவே அசையாது. "ஏன் பாட்டி அது கத்தவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். "தூங்குதுடா கண்ணா" என்றாள் பாட்டி. அது செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்த பொம்மை என்று தெரிந்துகொள்ளும்போது எனக்குப் பத்து வயதோ பதினொன்றோ. கன்று செத்ததை விட, எல்லோரும் சேர்ந்து என்னிடம் சொன்ன பொய்தான் ரொம்ப நாள் உறுத்தியது.

அதனால் மகளிடம் "தூங்குது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எருமை கன்று போட்டால்தான் பால். கன்று பெண்ணாயிருந்தால் வளர்ப்பார்கள். ஆணாயிருந்தால் அதற்கு வேலையில்லை, அதனால் சரியாகக் கவனிக்க மாட்டார்கள். இவ்வளவுதான் சொன்னேன். ஆறு வயதுக்கு இது போதும், இதில் பொய்யும் இல்லை.

மச்சானின் முதல் வாதம்: "நாம என்ன கறியா திங்குறோம்? பாலில் எங்கே வந்தது பாவம்?"

பி.காம் படித்தவனிடம் இதைக் கேட்கக்கூடாது. வரவு என்று ஒன்று எழுதினால் எதிரே பற்று எங்கே என்று தேடுவது எங்கள் வியாதி. நான் பார்த்த மாட்டுக் கடன் திட்ட அறிக்கைகளில் வருமானம் என்று பால் இருக்கும், சாணம் இருக்கும், தீவனம் வந்த காலிச் சாக்கு விற்ற காசுகூட இருக்கும். காளைக் கன்று மட்டும் எந்தப் பக்கமும் இருக்காது.

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மாட்டினம் 19.25 கோடி, அதில் பசுக்கள் 14.5 கோடி. எருமைகள் சுமார் 11 கோடி, அதில் பெண் மட்டும் 10 கோடி! பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. மீதி ஆண்கள் எங்கே போனார்கள்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. எருமைக் கடாக்கள் கவனிப்பில்லாமல் சாகின்றன, இல்லாவிட்டால் இறைச்சிக்குப் போகின்றன. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகத்தில் முன்னணியில் இருப்பதும் நம் நாடுதான். பசுவதைக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. இங்கே காளைகள் தெருவுக்கு வருகின்றன. நாடு முழுக்கத் தெருமாடுகள் 50 லட்சத்துக்கு மேல் என்கிறது அதே கணக்கெடுப்பு. இப்போது பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசிக்கு அரசு மானியம் தருகிறது. ஆண் கன்று வேண்டாத சரக்கு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"சுத்த சைவம்" என்று போர்டு மாட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மாட்டட்டும். கறி தின்கிற பாய் வீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, காலையில் டிகிரி காபி குடிப்பதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. அந்தக் காபியும் அந்தப் பிரியாணியும் ஒரே கொட்டகையிலிருந்து வந்திருக்கலாம்.

இரண்டாவது வாதம்: "காந்தியே பால் குடிச்சார்." குடித்தார். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பால் வேண்டாம் என்று விரதம் எடுத்தவர், இதே கெய்ரா மாவட்டத்தில் 1918-ல் அலைந்து திரிந்து படுத்த படுக்கையானார். விரதம் எடுக்கும்போது ஆட்டை நினைக்கவில்லையே என்று கஸ்தூரிபா எடுத்துச் சொல்ல, ஆட்டுப்பால் குடித்தார். சொல்லைக் காப்பாற்றிப் பொருளை விட்டுவிட்டேன் என்று அவரே வருந்தி எழுதியிருக்கிறார். நாம் அவருடைய பாலை மட்டும் எடுத்துக்கொண்டோம், வருத்தத்தை விட்டுவிட்டோம்.

மூன்றாவது: "வளர்ற புள்ளைக்குச் சத்து?" இதை மட்டும் நான் தள்ளவில்லை. குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான் செய்தோம். கேழ்வரகு, எள், கீரை, பருப்பு எல்லாம் உண்டு. ஆனால் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது, மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும். "இயற்கையிலேயே எல்லாம் இருக்கு" என்று அளக்கும் வீகன் நண்பர்கள் அடுத்தவர் குழந்தையோடு விளையாடுகிறார்கள்.

அவர்களிடம் எனக்கு இன்னொரு சண்டையும் உண்டு. தெரிந்த ஒருவர் தன் ஐந்து வயதுப் பையனுக்கு அறுப்புக்கூட வீடியோவைப் போட்டுக் காட்டினாராம். பையன் இப்போது பால் தொடுவதில்லை என்று பெருமை வேறு. அய்யா, அது மிரட்டல். பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இவ்வளவு பேசுகிற நானும் ஒன்றும் யோக்கியனில்லை. போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் மகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து இல்லை என்றாள். சட்டையில் கறை இருந்தது. கேட்டதும் அழுதாள். "நீ திட்டுவேன்னு பயமா இருந்துச்சுப்பா." சாப்பிட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்த நானே அவளைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன் என்பதுதான் சுட்டது. அன்றைக்கு வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். வீட்டில் பால் வாங்குவதில்லை, வெளியே என்ன சாப்பிடுவது என்பது அவள் முடிவு, சாப்பிட்டதைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கக்கூடாது. கூடவே இன்னொன்று: சாப்பிடுகிற யாரையும் கெட்டவர் என்று சொல்லக்கூடாது. ஆகவே மச்சான், அன்றைக்குப் பால்கோவாவை வேண்டாம் என்றது அவள்தான், நானில்லை.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும் வழியில் அவள் கேட்ட கேள்விதான் இன்னும் பாக்கி.

"அந்த ஆன்ட்டி கெட்டவங்களாப்பா?"

"இல்லம்மா. அந்தப் பால் காசுலதான் அவங்க ரெண்டு பசங்களும் ஸ்கூலுக்குப் போறாங்க. வேற வழி இருந்திருந்தா அவங்க வேற செஞ்சிருப்பாங்க."

"எருமை வாங்க யாரு காசு குடுத்தா?"

"பேங்க்."

"நீயா?"

"ஆமா."

பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பாவுக்கும் இது சரியாத் தெரியலம்மா" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை போய் அந்த ஆய்வு அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பெண்மணிக்குக் கடனை மறுப்பதால் எந்தக் கன்றும் பிழைத்துவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மகளிடம் அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

மச்சான், பச்சப்புள்ள மனதில் நான் ஏற்றியது இவ்வளவுதான். நம் பாட்டிகள் சொன்ன "தூங்குது" இதைவிட நல்லது என்று நீங்கள் நினைத்தால் போன் போடுங்க, பேசுவோம்.

டிஸ்கி: அடுத்த தடவை வரும்போது கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கிட்டு வாங்க. நிலக்கடலையும் வெல்லமும்தான். அப்பனும் மகளும் டப்பாவைக் காலி பண்ணிடுவோம்.