சிவகாசிக் குழந்தைகளின் நிதி: கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் நாம்

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைப்பது குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை அளிக்க வேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரை அதன் வட்டி குடும்பத்துக்குச் சேரும்.

தீங்கு செய்தவர் பணம் தர வேண்டும் என்ற கொள்கை சரியானது. தொகைதான் சிறியது. 25,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டி என்றே கொண்டாலும் மாதம் ஏறத்தாழ 208 ரூபாய். குழந்தையின் கூலி நின்ற வீட்டில் அந்தத் தொகை எத்தனை நாள் அடுப்பை எரிய வைக்கும்? ஆகவே, பெற்றோருக்கு வேலை என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி. அது கைவிடப்பட்டால் எஞ்சுவது வட்டிச் சில்லறை மட்டுமே.

2016இல் திருத்தப்பட்ட சட்டம் இந்நிதிக்குச் சட்ட வடிவம் தந்தது. முதலாளியிடம் வசூலாகும் அபராதமும், குழந்தை ஒன்றுக்கு அரசு தரும் 15,000 ரூபாயும் அதில் சேரும். ஆனால் அபராதம் வந்தால்தான் அரசின் பங்கும் வரும். ஆய்வு நடக்காவிட்டால் வழக்கில்லை, வழக்கில்லையேல் நிதியுமில்லை.

பணம் வந்துவிட்டால் போதுமா? அமெரிக்காவில் ஓபியாய்டு வலிநிவாரணி மருந்துகளால் மக்களை அடிமைப்படுத்திய நிறுவனங்கள் 5,000 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டன. போதை மீட்புக்குரிய அப்பணத்தில் சில உள்ளாட்சிகள் காவல்துறை வாகனங்கள் வாங்கின. நமக்கு இது புதிதன்று. 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குப் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதி திருப்பப்பட்டதை நாம் கண்டோம். பாதிக்கப்பட்டோரின் கண்காணிப்பு இல்லாத நிதி, அதிகாரம் உள்ளவரின் தேவைக்கே பாயும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் தலித் குடியிருப்புகள் பல. எனவே இக்கணக்கு நம் கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளின் பெயரில் எவ்வளவு தொகை வரவு வைக்கப்பட்டது? எத்தனை பேர் கையில் அது சேர்ந்தது? எத்தனை பெற்றோருக்கு மாற்று வேலை கிடைத்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இம்மூன்று கேள்விகளையும் மாணவர்கள் எழுப்பலாம். கிடைக்கும் விடையை, பெயர்களை வெளியிடாமல், கிராம சபையில் உரக்கப் படிக்கலாம். குழந்தைகளின் பெயரால் வந்த பணத்துக்கு அவர்களின் ஊர் கணக்குக் கேட்பது சலுகையன்று, உரிமை.