உலர் உணவுப் பொதியோடு நின்றுவிடும் எமது இளைஞர் கழகங்கள்

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 30 நெருங்கும்போது யாழ்ப்பாண முஸ்லிம்களின் முகநூல் பக்கங்கள் நிரம்பி வழியும். அதே நாலைந்து பழைய படங்கள், "இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டோம்" என்ற அதே வாசகம். நவம்பர் பிறந்ததும் எல்லாம் அடங்கிவிடும். 2025 ஒக்டோபரோடு வெளியேற்றத்துக்கு 35 வருடங்கள் பூர்த்தியாகின. இந்த 35 வருடத்தில் எமது ஊர் இளைஞர்கள் எழுதிச் சேர்த்தது எவ்வளவு என்று கேட்டால், பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

இளைஞர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சோனகதெருவிலும் பொம்மைவெளியிலும் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் எமது பிள்ளைகள் கழகம் அமைத்து வேலை செய்கிறார்கள். நோன்பு காலத்தில் உலர் உணவுப் பொதி, பாடசாலை தொடங்கும்போது கொப்பி, வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடு, இரத்ததான முகாம், ஜனாஸா வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும். நள்ளிரவில் ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்று வட்ஸ்அப்பில் செய்தி போனால் பத்து நிமிடத்தில் ஆள் கிடைக்கிறது. எமது தலைமுறையிடம் இந்த வேகம் இருக்கவில்லை.

நான் பேச விரும்புவது வேறு ஒரு குறையைப் பற்றி. இந்தக் கழகங்கள் செய்வது எதுவும் எழுத்தில் இல்லை. பொதி கொடுக்கும் படம் இருக்கிறது. யாருக்கு என்ன தேவை இருந்தது, எவ்வளவு பணம் சேர்ந்தது, எவ்வளவு செலவானது, எது மிஞ்சியது, எந்தக் குடும்பம் ஏன் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறது என்பது எதுவும் இல்லை. படத்தில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் பொதியை வாங்கும் வயதான உம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று படித்த சமூகம் நாம். மறைக்க வேண்டிய முகத்தைப் படம் பிடித்துப் போடுகிறோம், வெளியே சொல்ல வேண்டிய கணக்கை மறைத்து வைக்கிறோம்.

எழுத்தும் சேவையும் இரண்டு வேலை என்ற எண்ணம் எமது முன்னோரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். சமூகத்தின் கல்விப் பின்னடைவைப் பற்றி அதில் எழுதிக்கொண்டே பாடசாலை அமைக்கவும் ஓடித் திரிந்தார். அவரும் வாப்பிச்சி மரைக்காரும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வந்திருந்த அறாபி பாஷாவும் சேர்ந்த முயற்சியில்தான் 1892இல் மருதானையில் பாடசாலை எழுந்தது. இன்றைய கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதுதான்.

அதே ஸாஹிறாவுக்கு 1948இல் அதிபராக வந்தவர் எமது மண்ணின் மைந்தர். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டுத்தான் அதிபர் பதவியை ஏற்றார். அதற்கு முன்பே, 1945இல், வசதியில்லாத முஸ்லிம் மாணவர்களுக்காக ஒரு புலமைப்பரிசில் நிதியத்தை ஏற்படுத்தியிருந்தார். 1950இல், ஊருக்கொன்றாகத் தனித்தனியே இயங்கிய வாலிபர் சங்கங்களை ஒன்றாக்கி அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார். இன்று நாட்டில் எந்த முஸ்லிம் ஊருக்குப் போனாலும் வை.எம்.எம்.ஏ. என்ற பெயர்ப்பலகை கண்ணில் படுகிறதென்றால் அதன் வேர் சோனகதெருப் பக்கம் இருக்கிறது. எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அஸீஸ் கூட்டம் கூட்டிவிட்டு நின்றவரல்ல. செனட்டராக இருந்த காலத்திலும் எழுதினார். 'இலங்கையில் இஸ்லாம்', 'மிஸ்ரின் வசியம்' போன்ற நூல்கள் தமிழில் வந்தன. கல்வி, மொழி, சமூகம் பற்றி ஆங்கிலத்திலும் கட்டுரைகள் எழுதினார். 1973இல் அவர் மரணித்துவிட்டார். அவர் என்ன நினைத்தார், எதற்காக வாதாடினார் என்பதை நாம் இன்று அறிய முடிகிறதென்றால் அவர் எழுதிவைத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். அதே காலத்தில் எமது ஊரில் அவரைப் போலவே ஓடியாடி வேலை செய்த எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்கூட எம்மிடம் இல்லை.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கௌரவப் பிரச்சினை. எமக்கு அப்படியல்ல. 1990இல் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது கையில் எடுத்தது கொஞ்சம். அதையும் வழியில் பறித்துக்கொண்டார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் என்று எத்தனையோ காகிதங்கள் போயின. அதன் பிறகு எம்மிடம் யார் என்ன கேட்டாலும் முதலில் கேட்டது காகிதத்தைத்தான். நீ இந்த ஊர் என்பதற்கு என்ன ஆதாரம்? இந்தக் காணி உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்? 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நாலு குடும்பமாக வந்து நிற்கிறார்கள், வீட்டுத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது? 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்ட முஸ்லிம்களின் தொகை இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டியதாகத்தான் வந்தது. "வருகிறோம் என்கிறீர்கள், வந்தவர்கள் எங்கே?" என்று கேட்பவருக்கு அந்த எண் போதும். ஏன் வரமுடியவில்லை என்பதை வீடுவீடாக எழுதி வைத்திருந்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க எம்மிடமும் ஒன்று இருந்திருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எமது நாட்டுச் சட்டப்படி ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையின்றி, எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தால் அவர் ஆட்சியுரிமை கோரலாம். துப்பாக்கிமுனையில் வெளியேற்றப்பட்டவன் எப்படிப் பத்து வருடத்துக்குள் வந்து வழக்குப் போடுவான்? இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாதச் செயற்பாடுகள் காரணமாக உரிமையைக் கேட்டுப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் வழக்குத் தொடர இரண்டு வருட அவகாசம்தான் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் எமது கழகங்கள் எத்தனை கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடத்தின, எத்தனை பொதி கொடுத்தன என்று படங்களைத் தேடினால் கிடைக்கும். இந்தச் சட்டத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, புத்தளத்து முகாம்களில் இருந்த வயதானவர்களுக்கு வாசித்துக் காட்டிய ஒரு கழகத்தை நான் காணவில்லை. அது பெரிய செலவுள்ள காரியமல்ல. ஏ.எல். படித்த ஒரு பிள்ளை, ஊரில் உள்ள ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கலாம். இடம்பெயர்ந்தோர் தமது சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதிவதற்கென 2013இல் வந்த விசேட சட்டத்தின் கதையும் ஏறத்தாழ இதேதான். கடைசி நாளில் படிவம் தேடி ஓடியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எழுதியவர்கள் இல்லாமலில்லை. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்தவர், வடக்கு முஸ்லிம்கள் இழந்தவற்றைக் கணக்கெடுத்து 2001இல் நூலாக்கினார். 2011இல் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. சர்வதேச அரங்கில் இன்றும் எமக்காகப் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டுவது இப்படியான சிலவற்றைத்தான். ஹஸ்புல்லாஹ் 2018இல் எம்மை விட்டுப் போனார். அவர் ஒருவர் சுமந்ததை எடுத்துச் சுமக்க ஒரு கழகம் முழுவதும் முன்வரவில்லையே என்பது எனது ஆதங்கம்.

எமது தமிழ்ச் சகோதரர்களையும் பார்க்கவேண்டும். 1981இல் யாழ். பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் சில இளைஞர்கள், சம்பளம் எதுவுமில்லாமல், ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அதுதான் நூலகம் திட்டம். இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. முஸ்லிம்களின் ஆவணங்களுக்கென்று ஒரு பகுதியும் வைத்திருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. பள்ளிவாசலின் பழைய கணக்குப் புத்தகம், ஒஸ்மானியாவின் பரிசளிப்பு விழா மலர், கல்யாண அழைப்பிதழ் என்று எமது வீட்டு அலுமாரியில் மிஞ்சியிருப்பதைக் கொண்டுபோய்க் கொடுக்க எமது பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. அவர்கள் எழுதாததற்கு ஒரு காரணம் பயம், அந்தப் பயம் கற்பனையல்ல. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் எத்தனை வீடுகளில் அரபு எழுத்துள்ள புத்தகங்களை ஒளித்து வைத்தார்கள் என்பது எமக்குத் தெரியும். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ரம்ஸி ராஸிக் முகநூலில் ஒரு பதிவு போட்டதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது சந்தோஷம்தான், போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? இதற்கு மேல் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. "எழுதாதே மகன், உன் படிப்பைப் பார்" என்று ஓர் உம்மா சொன்னால் நான் அவரோடு வாதாடமாட்டேன்.

அதனால்தான் இந்த வேலையைக் கழகம் செய்யவேண்டும் என்கிறேன். தனியாக ஒரு பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்குக் கோபத்தில் எழுதும் பதிவு வேறு. நாலு பேர் வாசித்துத் திருத்தி, கழகத்தின் பெயரில், ஆதாரத்தோடு வெளிவரும் எழுத்து வேறு. எமக்கு வேண்டியது அரசியல் ஆவேசமல்ல, அது ஏற்கனவே தேவைக்கு அதிகமாக இருக்கிறது. வேண்டியது பொறுமையான, சலிப்பூட்டும் எழுத்து. சேர்த்த பணத்தின் கணக்கு, பிரதேச செயலகத்தில் எந்தப் படிவத்துக்கு என்ன ஆவணம் வேண்டும் என்ற விளக்கம், எந்த ஒழுங்கையில் எந்த வீடு இன்னும் கூரையில்லாமல் கிடக்கிறது என்ற பட்டியல் போன்றவை.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நிதி சேர்ப்பில் வரும் சந்தேகத்தால் உடைந்த கழகங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் யாரும் களவெடுத்திருக்கமாட்டார்கள், எழுதி ஒட்டியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் சகோதரர் இரண்டு தடவை கேட்டுப் பார்ப்பார், மூன்றாம் தடவை அனுப்பமாட்டார். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது என்று ஜும்ஆவில் கேட்கிறோம், வெளியே வந்து இலட்சக்கணக்கான ரூபாவை வாய்க்கணக்கில் நடத்துகிறோம்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் எமது கழகங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. வகுப்பில் முதலாவதாக வருகிற, தமிழ் அழகாக எழுதுகிற பிள்ளைகளில் அதிகம் பேர் அவர்கள்தான். கழகத்தில் அவர்களுக்கு என்ன இடம்? பொதியில் பருப்பு நிரப்புவது. 1990இல் வீட்டுக்குள் என்ன நடந்தது, அடுப்பில் எது இருந்தது, வழியில் பிறந்த குழந்தையை யார் தூக்கினார்கள் என்று எமது உம்மாமார், மூத்தம்மாமார் ஒரு இளைஞனிடம் சொல்லமாட்டார்கள். பேத்தியிடம் சொல்வார்கள்.

அன்று நாற்பது வயதில் வெளியேறியவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. சோனகதெருவில் எந்தக் கடை யாருடையது, எந்தத் தையற்கடையில் யார் வேலை பார்த்தார்கள், இரும்புக்கடை வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இருப்பது புத்தளத்திலும் நீர்கொழும்பிலும். கழகப் பிள்ளைகளில் ஒரு பாதியும் அங்கேதான்.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை எமது பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள கழகம் ஓர் ஒழுங்கையைத் தெரிவுசெய்து, 1990இல் அங்கே இருந்த வீடுகளை ஒரு தாளில் கீறி புத்தளத்துக்கு அனுப்பட்டும். புத்தளத்தில் உள்ள பிள்ளைகள் அந்தத் தாளோடு முதியவர்களிடம் போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கேட்டு நிரப்பட்டும், அவர்கள் பேசுவதைப் போனில் பதிந்துகொள்ளட்டும். ஒரு விடுமுறைக்கு ஓர் ஒழுங்கை போதும். முதல் ஒழுங்கை எது என்பதை இந்த நோன்புக்கு முன் கூடும் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.