எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் விடுதியிலிருந்து கடலூர் சில்வர் பீச்சுக்கு ஒரு நாள் சுற்றுலா அழைத்துப் போனார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். ‘சுற்றுலாவின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் அதற்கு நிர்வாகம் எந்த வகையிலும் பொறுப்பல்ல என்பதை அறிவேன்’ என்று அதில் இருந்தது. அப்பா நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கரி அப்பிய கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார். “நாங்க கையெழுத்துப் போடுற பேப்பர் மாதிரியே இருக்கே” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் நான் கடலைப் பார்க்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக ஒரே பேருந்தில் அறுபது பெண் பிள்ளைகள் போனோம். எங்களைப் பார்த்துக்கொள்ளக் காப்பாளரும் சமையல்கார அக்காவும் மட்டும். எங்களில் பலருக்கு அதுதான் முதல் கடல். சுடிதாரோடும் துப்பட்டாவோடும் அப்படியே தண்ணீரில் இறங்கினோம். ஒரு பெரிய அலை எங்களோடு நின்றிருந்த ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனது. அவளைப் பிடிக்கப் போன இரண்டு பேரும் கால் தடுமாறினார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் ஓடிவந்து மூன்று பேரையும் இழுத்துப் போட்டார். அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: “வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உங்களை கூட்டிட்டு வந்ததே பெரிசு. சொன்னீங்கன்னா அடுத்த வருசம் டூர் கிடையாது.” நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் சுற்றுலா இல்லை.

2023 பிப்ரவரி 15 அன்று மாயனூர் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பக்கம் பிலிப்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி மாணவிகள், தொட்டியத்தில் நடந்த கால்பந்துப் போட்டிக்காக வந்தவர்கள். கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையைப் பார்க்கப் போன இடத்தில் காவிரியில் இறங்கினார்கள். நான்கு பேர் திரும்பவில்லை. அரசு ஒன்றியப் பள்ளியிலிருந்து பெண் பிள்ளைகளைத் திரட்டிக் கால்பந்து அணி ஆக்குவது நம் கிராமங்களில் சாதாரணக் காரியமில்லை. அந்த அணி காவிரிக் கரையில் அழிந்தது. ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்குத் தலா இரண்டு லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அத்தோடு செய்தி முடிந்தது.

2024 டிசம்பர் 10. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் முல்பாகல் வட்டத்திலுள்ள மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளி மாணவிகள் முருடேஸ்வரா கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். அங்கேயும் நான்கு பேர் கடலில் மூழ்கி இறந்தார்கள். பட்டியல் சமூக, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிள்ளைகளுக்காக அந்த மாநில அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளில் ஒன்று அது. ஆசிரியர்கள் கைதானார்கள், குடும்பத்துக்குத் தலா ஐந்து லட்சம் அறிவிக்கப்பட்டது. மாநிலம் வேறு, ஆளும் கட்சி வேறு. ஆனால் நடைமுறையில் எந்த வேறுபாடும் இல்லை.

இறந்த பிள்ளைகள் எந்தச் சாதி என்று தேடுவது என் நோக்கமல்ல. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இறந்திருக்கிறார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து, ஒரு தனியார் பள்ளியின் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு உடைகூடக் கொடுக்கப்படவில்லை. அலட்சியம் எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஆனால் அதைக் கேள்வி கேட்கும் வலு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கட்டணம் கட்டிய பெற்றோர் பள்ளி வாசலில் நின்று கேட்க முடியும். விடுதிப் பிள்ளையின் பெற்றோரிடம் ‘இலவசமா சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம், இதுல கேள்வி வேறயா’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, முகாம் எல்லாம் சலுகையாகத் தரப்படுகின்றன. சலுகையைப் பெறுகிறவர் பேருந்தில் எத்தனை இருக்கை, கூட வருபவர் எத்தனை பேர், இறங்கும் இடத்தில் ஆழம் எவ்வளவு என்று கேட்க முடியாது. கேட்டால் சலுகை போய்விடும். அதனால்தான் பேருந்தில் எங்கள் வாயை அடைக்க ஒரு மிரட்டலே போதுமானதாக இருந்தது. பிள்ளை ஒன்று இறந்துவிட்டால் அரசும் சலுகையைத் திரும்பப் பெறுகிறது, ‘இனி ஆறு, கடல் பக்கமே போகக் கூடாது’ என்று. பணக்கார வீட்டுப் பிள்ளை கோடை விடுமுறையில் அப்பா அம்மாவோடு கடலுக்குப் போகும். பள்ளியைத் தவிர வேறு வழியே இல்லாத பிள்ளைதான் இந்தத் தடையில் வீட்டோடு முடங்கும்.

தண்ணீரில் இறங்குவதற்கும் இங்கே ஒரு சாதி வரலாறு இருக்கிறது. கிராமத்தில் நீச்சல் கற்றுக்கொள்ளும் இடம் கிணறும் குளமும்தான். கிணறு பெரும்பாலும் ஊர்க்காரர் நிலத்தில் இருக்கிறது. குளத்தில் யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பது சண்டையாகவே இருந்திருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கே கலவரம் நடந்தது. அது பழைய கதை என்பவர்களுக்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில்தான் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். இந்த நாட்டில் சேரிப் பெண் பிள்ளைக்கு யார், எந்தக் கிணற்றில் நீச்சல் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தண்ணீரைத் தொடவிடாமல் வளர்த்த பிள்ளைகளை ஒரு நாள் கடல் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ‘ஜாக்கிரதை’ என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது.

அம்பேத்கரின் நினைவுக் குறிப்புகளில் ஒரு பயணம் வருகிறது. 1901-இல், அப்பாவைப் பார்க்கச் சாத்தாராவிலிருந்து கோரேகானுக்கு ரயிலேறிய சிறுவர்களில் அவரும் ஒருவர். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, சிறுவர்களே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் சோறு இருந்தும், தண்ணீர் தர ஆளில்லாமல் இரவெல்லாம் பட்டினி கிடந்தார்கள். பிள்ளைகளின் பயணத்தில் உணவு, தண்ணீர், வாகனம், இரவுத் தங்கல் ஆகியவற்றைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரியாது. இன்று வண்டிக்காரர் ஏற்ற மறுப்பதில்லை. ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் அறுபது பேரை ஏற்றுகிறார்.

பாதுகாப்பு என்றால் நீரில் மூழ்குவது மட்டுமில்லை. வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்த பிள்ளைகள் எங்கள் பேருந்தில் இருந்தார்கள். மாதவிடாய் வந்த ஒருத்தி, நாப்கின் கேட்க வெட்கப்பட்டு நாள் முழுக்க இருக்கையை விட்டு எழவே இல்லை. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை எங்கள் விடுதியில் இருந்தாள். அவள் மாத்திரையை எடுத்து வந்தாளா என்று கேட்க ஒருவரும் இல்லை. இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பிள்ளைகளைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஒரு நோட்டு போதும்.

நெய்வேலியில் வளர்ந்த எனக்கு இது கூடுதலாக உறைக்கிறது. இந்த ஊரே பாதுகாப்புப் பலகைகளால் ஆனது. தலைக்கவசம் இல்லாமல் சுரங்கத்துக்குள் போக முடியாது. யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று ஷிப்டுக்கு ஷிப்ட் கணக்கு உண்டு. 1952-இல் வந்த சுரங்கச் சட்டமே உரிமையாளர், முகவர், மேலாளர் என்று மேலிருந்து கீழாகப் பொறுப்பை எழுதி வைத்தது. உயிர்ச்சேதம் நடந்தால் அறிவிக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்றது. இந்தப் பலகைகளை நான் புனிதமாக்கவில்லை. 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் இதே ஊரின் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். எழுதி வைத்த சட்டம் தானாக உயிரைக் காப்பாற்றாது. ஆனால் ‘யார் பொறுப்பு’ என்று தொழிற்சங்கம் கேட்பதற்குக் கையில் ஒரு பிடி கொடுக்கும். பள்ளிச் சுற்றுலாவில் இறந்த பிள்ளைக்காகக் கேட்க அந்தப் பிடிகூட இல்லை. கடைசியாகக் கூட நின்ற ஆசிரியரோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

ஆசிரியர்களைத் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆழம் தெரியாத ஆற்றில் பிள்ளைகளை இறங்கவிட்டது குற்றம்தான். ஆனால் அறுபது பேருக்கு இரண்டு பேரை அனுப்பியது யார்? பணம் ஒதுக்காமல் அனுமதி மட்டும் கொடுத்தது யார்? ஒரே காப்பாளரை இரண்டு விடுதிகளுக்குக் கூடுதல் பொறுப்பில் வைத்தது யார்? பணியிடை நீக்க உத்தரவு இந்தக் கேள்விகளை மூடி வைக்கும் ஒரு மூடி.

இங்கிலாந்தில் 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகுப் பயிற்சிக்குப் போன பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் இறந்தார்கள். அங்கேயும் எண்ணிக்கை நான்குதான். பாதுகாப்பு சரியில்லை என்று அந்தப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தவர்கள் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தது வழக்கில் வெளிவந்தது. மையத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார், நிறுவனமே குற்றவாளி என்று தீர்ப்பானது. 1995-இல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இறந்த பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் போராடியதும் அதற்குக் காரணம். அந்த நாடு பிள்ளைகள் கடலுக்குப் போவதைத் தடை செய்யவில்லை. அழைத்துப் போகிறவர் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்றது.

நம்மாலும் முடியாதா? 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனது. நல்ல காரியம், வரவேற்கிறேன். கடல் தாண்டி அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த அரசுக்குக் காவிரிக் கரையும் கடலூர்க் கடற்கரையும் எட்டாத தூரமல்ல. அமைச்சர் கூடப் போகாத பயணத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு உரிய வேலை இனிதான் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனி நிதி ஒதுக்க வேண்டும். உணவுப்படியிலிருந்து பிடித்து மிச்சம் பண்ணுவதாக அது இருக்கக் கூடாது. போகும் இடத்தை முன்னதாக ஒருவர் நேரில் பார்த்து, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து மாவட்ட அலுவலருடையதாக இருக்கட்டும். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், அதில் எத்தனை பெண்கள் என்பது விதியாக வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத நீரில் கால் நனைக்கவும் அனுமதி கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் மருந்து, நோய், தேவை எழுதிய தாளும் முதலுதவிப் பெட்டியும் வண்டியில் இருக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டும். அதற்குப் பொதுத்துறை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் விளையாட்டு வசதிகளைத் திறந்துவிட வேண்டும். நெய்வேலி நிலக்கரிக்காக நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு அதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. விபத்து நடந்தால் விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வர வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களும் பதிவாக வேண்டும். எங்கள் பேருந்தில் நடந்தது பதிவாகி இருந்தால், அடுத்து அந்தக் கரைக்கு வந்த பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். பிள்ளையின் உயிருக்கான பொறுப்பைக் கையெழுத்து வாங்கிக் கழற்றிவிட எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. இதைப் படிக்கும் தோழர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இருப்பீர்கள், தம்பி தங்கையை விடுதியில் சேர்த்தவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை அந்தத் தாள் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அதன் பின்பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்: எத்தனை பேர் கூட வருகிறார்கள், இடத்தை யார் பார்த்தார்கள், ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

அப்பா அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயர்தான் பட்டியலிலிருந்து முதலில் போயிருக்கும். ஒருவர் தனியாகக் கேட்டால் பெயர் போகும். அறுபது பெற்றோரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.