இரட்டைச் சில்வர் எதற்கு?

இணைசேர்க்கும் பருவம் நெருங்குகிறது. பொலிகுதிரை விளம்பரங்களும் வந்து குவிகின்றன. இந்த ஆண்டு அவற்றில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘இரட்டைச் சில்வர், எந்தப் பெட்டைக்கு விட்டாலும் சில்வர் மரபணு உறுதி.’ இதை ஒரு தகுதியாகவே விளம்பரதாரர்கள் போடுகிறார்கள். வாங்குபவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள். மினியேச்சர் குதிரை வளர்ப்பவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த உரை.

சில்வர் கருப்பு நிறமியை மட்டும் வெளுக்கச் செய்யும். சிவப்பு நிறமியைத் தொடாது. அதனால் கருங்குதிரை சாக்லேட் நிறத்துக்கு வரும், பிடரியும் வாலும் வெள்ளியாகும், சிலவற்றுக்கு உடலெங்கும் வட்டப் புள்ளிகள் பூக்கும். பே குதிரைக்கு உடல் சிவப்பாகவே நிற்க, கால்களின் கருப்பு பழுப்பாகும், பிடரி வெளிறும். இதைச் செஸ்ட்நட் என்று நினைத்துப் பதிவேட்டில் எழுதிக்கொடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். உண்மையான செஸ்ட்நட்டிலோ வெளுக்கக் கருப்பே கிடையாது. சில்வர் மரபணு உள்ளே இருந்தாலும் வெளியே ஒரு தடயமும் காட்டாது. இந்தச் செஸ்ட்நட் விஷயத்தை மனத்தில் வையுங்கள். கீழே திரும்பவும் வருகிறது.

தரோபிரெட்டிலும் அரபுக் குதிரையிலும் சில்வர் கிடையாது. ஷெட்லாண்ட் குதிரைகளில் உண்டு. அந்த ரத்தம் வழியாகவே மினிகளுக்கும் வந்தது. ஆகவே குதிரை உலகம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் இது அரிய நிறம்தான். நம் லாயங்களில் அவ்வளவு அரிதில்லை என்பது விளம்பரம் எழுதுபவர்களுக்கும் தெரியும்.

இந்த நிறத்துக்குக் காரணமான பிஎம்இஎல்17 மரபணு மாற்றத்தை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 1990-களின் இறுதியில், அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் குதிரைகளில் பிறவிக் கண் குறைபாடுகள் பலவற்றைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். சாக்லேட் உடலும் வெள்ளிப் பிடரியுமாக இருப்பதே அந்த இனத்தின் பெருமை. நிறமும் கண் குறைபாடும் ஒரே மரபணு மாற்றத்தின் விளைவு என்பது பின்னர் தெளிவானது. மினிகளிலும் ஷெட்லாண்டுகளிலும் ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் அதே கதைதான்.

மரபணு ஒரு பிரதியாக இருந்தால் பெரும்பாலும் கண்ணின் வெளியோரத்தில், உட்பக்கமாக, நீர்க்கட்டிகள் இருக்கும். குதிரைக்கு அதனால் பெரிய சிரமம் இருப்பதில்லை. இரண்டு பிரதியாக, அதாவது இரட்டைச் சில்வராக, இருந்தால் நிலைமை வேறு. கருவிழிப்படலம் வெளியே புடைத்திருக்கும். கண்மணி சிறுத்துப்போய், இருட்டிலும் மருந்துக்கும் சரியாக விரியாது. ஐரிஸ் வளர்ச்சி குன்றியிருக்கும். லென்ஸ் இடம் விலகலாம், புரை விழலாம், விழித்திரை பிரியலாம். எல்லாம் ஒரே குதிரைக்கு வரும் என்றில்லை. தீவிரமும் குதிரைக்குக் குதிரை மாறும். பழகிய மேய்ச்சல் நிலத்தில் தடுமாறாமல் நடக்கிற இரட்டைச் சில்வரைக் காட்டி ‘இதற்கு என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. பழகிய இடத்தில் பார்வை குறைந்த குதிரையும் நன்றாகத்தான் நடக்கும். புது மைதானத்தில், கண்மறைப்புப் போட்டு வண்டியில் பூட்டிப் பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு பிரதி சில்வர் உள்ள பொலியை ஒரு பிரதி உள்ள பெட்டைக்கு விட்டால், நான்கில் மூன்று குட்டிகளுக்குச் சில்வர் கிடைக்க வாய்ப்பு. சில்வர் இல்லாத பெட்டைக்கு விட்டால் நான்கில் இரண்டு. முக்கால் பெரிதா, அரை பெரிதா என்று கேட்டால் யாரும் முக்கால் என்றுதான் சொல்வார்கள்; சில்வருக்குச் சில்வர் சேர்க்கும் தவறு நடப்பதே இங்கேதான். முதல் சேர்க்கையின் மூன்றில் ஒன்று இரட்டைப் பிரதி. அதைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு. ஒரு பிரதியோடு, பெரிய சிரமமில்லாத கண்ணோடு, சில்வராகப் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை இரண்டு சேர்க்கையிலும் ஒன்றேதான். சில்வருக்குச் சில்வர் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைப்பது, கண் கெட்ட அந்த ஒரு கால் பங்கு மட்டுமே. நிறம் தெரிய ஒரு பிரதி போதும் என்கிறபோது, இரண்டாவது பிரதிக்கு எந்த நடுவரும் மதிப்பெண் கூட்டிப் போடப்போவதில்லை.

இரட்டைச் சில்வர் பொலி வைத்திருப்பவர்களிடம் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. சில்வர் இல்லாத பெட்டைக்கு விட்டால் அதன் குட்டிகள் அத்தனையும் ஒற்றைப் பிரதியாகத்தான் பிறக்கும். ஒன்றுக்கும் இரட்டை வராது. உண்மைதான். ஆனால் அந்தப் பொலியை உருவாக்க முன்பு யாரோ சில்வருக்குச் சில்வர் சேர்த்திருக்கிறார்கள், அந்தக் குதிரை ஆயுள் முழுக்க அந்தக் கண்ணோடுதான் இருக்கப்போகிறது. தவிர, அதைத் தேடி வரும் பெட்டைகள் எவை? சில்வர் வம்சத்தில் வந்த செஸ்ட்நட்டுகள் அவற்றில் தாராளமாக உண்டு. ‘எங்களுடையது வெறும் செஸ்ட்நட்’ என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். உள்ளே சில்வர் ஒளிந்திருந்தால், குட்டிகளில் பாதி இரட்டைப் பிரதியோடு வரும். அவற்றில் சில தாயைப் போலச் செஸ்ட்நட்டாகவே பிறந்து, சந்தேகத்துக்கே இடம் கொடுக்காமல் கைமாறிப் போய்விடும்.

காட்சிக்காகத்தானே இவ்வளவும் என்றால், விதிகளையும் பார்ப்போம். 1978-இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 34 அங்குலத்துக்கு உட்பட்ட குதிரைகளையே ஏற்கிறது. எந்த நிறமும், எந்தக் கண் நிறமும் சமமே என்பது அதன் தர விதி. நிறத்துக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. அதற்கு வெளியே நடுவர் பார்ப்பது கட்டமைப்பையும் நடையையும்தான். அதிலும் காட்சிக்கு முன் உடல் முடியை வழித்துவிடுகிறோம். வழித்த பிறகு சில்வரின் தோற்றமே மாறிப்போவதும், ரசித்து வைத்திருந்த புள்ளிகள் காணாமல் போவதும் உங்களுக்குப் புதிதல்ல. ஆக இரட்டைச் சில்வருக்கான இந்த ஓட்டம் கோப்பைக்காக அல்ல, விற்பனைக்காக. அதை ஒப்புக்கொண்டு பேசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சில்வர் வம்சத்தில் வந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும், குறிப்பாகச் செஸ்ட்நட் பெட்டைகளுக்கு, மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். பிடரியிலோ வாலிலோ இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்து அனுப்பினால் பயனில்லை. குட்டியின் மெல்லிய முடி வேர் வராமல் அறுந்துவிடும் என்பதால், வாலடியில் கொஞ்சமாகப் பிடித்து ஒரே இழுப்பில் எடுங்கள். கண்ணைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் நின்று கருவிழியின் வளைவைப் பாருங்கள். புடைப்பு இருந்தால் உங்களுக்கே தெரியும். நீர்க்கட்டி அப்படித் தெரியாது. அதற்குக் கண் மருத்துவம் பயின்ற கால்நடை மருத்துவர், டிராபிகமைடு சொட்டுவிட்டு, கண்மணி விரியும்வரை காத்திருந்து கருவியால் பார்க்க வேண்டும்.

குள்ளத்தன்மைக்குக் காரணமான ஏகான் மரபணு மாற்றங்கள், இரட்டையானால் மாலைக்கண் தரும் அப்பலூசா மரபணு, இரட்டையானால் குட்டியைச் சில நாளில் கொல்லும் ஃபிரேம் ஓவரோ ஆகியவற்றுக்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தனிக் கட்டுரையே தேவை. சில்வரை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் இரட்டைப் பிரதியை இந்த ஆண்டு விளம்பரங்களில் மார்தட்டிக் காட்டுவதுதான்.

எனவே அடுத்த இதழ் முதல் நம் பக்கங்களில் வரும் பொலிகுதிரை விளம்பரங்களில், குதிரை எந்த நிறமாக இருந்தாலும், சில்வர் பரிசோதனை முடிவு இருந்தாக வேண்டும். இரட்டைப் பிரதி உள்ள பொலியாக இருந்தால், சில்வர் இல்லை என்று பரிசோதனையில் உறுதியான பெட்டைகளுக்கு மட்டும் என்ற வரியும் சேர்க்கப்படும். இதற்கு உடன்படாத விளம்பரங்களுக்குச் செலுத்தப்பட்ட முன்பணம் திருப்பித் தரப்படும்.