நாற்காலி கிடைச்சா மட்டும் போதுமா?



எங்க சித்தி மாசமா இருக்காங்க. "முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துருச்சா?" என்று வீட்டில் அடிக்கடி பேச்சு. யார் அவங்கன்னு கேட்டேன். "யாரோ பெரிய ஆபிசரம்மாவா இருக்கும்" என்றார்கள். நூலகத்தில் தேடிப் படித்தேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே யோசித்த காலத்தில், பையன்கள் படித்த கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சபை முழுக்க ஆண்கள். இவர் ஒருவர்தான் பெண். அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

பதவி கிடைத்தது என்று அவர் சும்மா உட்காரவில்லை. சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்று பேசினார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். எதிர்ப்பு வந்தும் விடவில்லை. 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியையே ராஜினாமா செய்தார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. ஆனால் அதற்கு விதை போட்டவர் அவர்தான்.

1929-ல் வந்த சட்டப்படி பெண்ணுக்குக் கல்யாண வயது 14. அதுவே அன்றைக்குப் பெரிய வெற்றி. இப்போது 18. எனக்கு 14 வயசு. நான் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்!

அம்மாச்சி ஊரில் ஒரு தடவை கிராமசபைக் கூட்டம் பார்த்தேன். மெம்பர் ஒரு அக்கா. ஆனால் பேசியதெல்லாம் அவங்க வீட்டுக்காரர். அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டாங்க. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, இதுக்குத்தானா?

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். வெயிலில் குடத்தோட குழாயடியில் நிற்பது யாரு? தண்ணியைப் பத்திப் பேச எந்தப் படிப்பு வேணும்?

குறை அடுத்தவங்ககிட்ட மட்டும் இல்லை. நானும் வகுப்புத் தலைவிதான். சார் ஏதாவது கேட்டால், எழுந்து நின்னு பக்கத்து பெஞ்சைப் பார்க்கிறேன். இனிமேல் பார்க்க மாட்டேன். தோழிகளே, நீங்களும் பார்க்காதீங்க. ஒத்தை ஆளா நின்னு அவங்க பேசுனாங்க. பாதி இடம் இருந்தும் நாம பேசலைன்னா எப்படி?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பரளச்சி.